கும்பகோணத்துக்காரர் பட்டியலின் கடைசி எண்: 67,46,32,83,88,800-ஐக் கையால் பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

எட்டுப் படி ஒரு மரக்கால். இரண்டு மரக்கால் ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஆகக் கலத்துக்கு 12 மரக்கால், 96 படி. களத்தில் நெல் அளந்த காலத்துக் கணக்கு இது. சின்ன வயதில் தாத்தாவிடம், "ஏன் தாத்தா, கலத்துக்கு நூறு படின்னு வச்சிருக்கலாமே?" என்று கேட்டேன். "நூறு படியை மூணு பேருக்கு எப்படிடா பங்கு போடுவ?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில்தான் இந்தக் கட்டுரை முழுவதும் நிற்கிறது. 96-ஐ மீதமில்லாமல் வகுக்கும் எண்கள் 12: 1, 2, 3, 4, 6, 8, 12, 16, 24, 32, 48, 96. 100-க்கு இருப்பவை 9 மட்டுமே. நூறுதான் பெரியது, ஆனால் பங்கு போட 96-தான் வசதி. ஓர் எண் எவ்வளவு பெரியது என்பது ஒரு கேள்வி. அது எத்தனை விதமாகப் பங்கு போக இடம் கொடுக்கிறது என்பது வேறு கேள்வி.

இந்த இரண்டாவது கேள்வியை அதன் எல்லை வரை துரத்திப் போனவர் கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும் விடக் காரணிகள் கூடுதலாக உள்ள எண்களைத் தனியே எடுத்து, 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் நீண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது இந்த ஆய்வுக்காகத்தான். கழகத்துக்கு அப்போது பண நெருக்கடி. அதனால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சாகாமல் நின்று, 1997-ல்தான் வெளிவந்தது. அச்சான பகுதியில் 102 எண்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதன் கடைசி எண்தான் நாம் பிரிக்கப் போவது.

67,46,32,83,88,800.

வாயால் சொன்னால் 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. மொத்தம் 13 இலக்கம். கடைகளில் இருக்கும் 12 இலக்கக் கால்குலேட்டரில் இது கொள்ளாது. ஒரு நோட்டும் பென்சிலும் போதும். போன் கால்குலேட்டரைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது படிக்கும் என் அக்கா மகள் முதலில், "மாமா, போன்லயே போட்டுடலாமே" என்றாள். போட்டால் விடை வரும். எண் ஏன் அப்படிப் பிரிகிறது என்பது கையால் செய்தால்தான் பிடிபடும்.

முதல் படி: வாலைப் பாருங்கள்

கடைசியில் இரண்டு பூஜ்யம். எனவே 100 போகும். 100 என்பது 2 × 2 × 5 × 5. பூஜ்யங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 67,46,32,83,888. கடைசி இலக்கம் 8 என்பதால் இனி 5 கிடையாது. 5-இன் கணக்கு இரண்டோடு முடிந்தது.

இப்போது 2-ஐத் தேடுவோம். கடைசி நான்கு இலக்கங்கள் 3,888. இதில் 16 சரியாக 243 முறை போகிறது. 10,000-ஐ 16 மீதமில்லாமல் வகுக்கும் என்பதால் முன்னால் இருக்கும் இலக்கங்களைப் பற்றிக் கவலை இல்லை. கடைசி நான்கு சரியாக இருந்தால் எண் முழுவதும் சரி. நான்கு முறை பாதியாக்குங்கள்:

33,73,16,41,944
16,86,58,20,972
8,43,29,10,486
4,21,64,55,243

கடைசியில் வந்தது ஒற்றைப்படை. முன்பு இரண்டு, இப்போது நான்கு, ஆக ஆறு 2-கள்.

இரண்டாம் படி: இலக்கங்களைக் கூட்டுங்கள்

4+2+1+6+4+5+5+2+4+3 = 36. இது 9-ஆல் வகுபடும், எனவே எண்ணும் வகுபடும். வகுத்தால் 46,84,95,027. மறுபடி கூட்டினால் 45. மறுபடி 9-ஆல் வகுத்தால் 5,20,55,003. இதன் கூட்டுத்தொகை 20. அதில் 3 போகாது. இரண்டு முறை 9 போயிற்று என்றால் நான்கு 3-கள்.

இங்கே ஒரு பழக்கம் சொல்கிறேன். முழு எண்ணின் இலக்கங்களையும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள், 63 வரும். எண்ணை நோட்டில் எழுதும்போது ஓர் இலக்கம் தவறிவிட்டால் பெரும்பாலும் இந்தக் கூட்டுத்தொகையிலேயே மாட்டிக்கொள்ளும். இலக்கங்கள் இடம் மாறி விழுந்தால் மட்டும் கண்டுபிடிக்காது. அதற்கு அடுத்த படி உதவும்.

மூன்றாம் படி: மூன்று மூன்றாகக் கட்டுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். நிதானமாகப் பாருங்கள்.

7 × 11 × 13 = 1,001. 1,000 என்பது அதற்கு ஒன்று குறைவு. 10,00,000 என்பது 1,001-இன் மடங்கான 9,99,999-க்கு ஒன்று கூடுதல். இப்படி ஒன்று விட்டு ஒன்று குறைவும் கூடுதலுமாகவே மேலே போகும். எனவே எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகக் கட்டி, கூட்டல் கழித்தல் என்று மாற்றி மாற்றிப் போட்டால், வரும் விடையே 1,001-ஆல் வகுபடுமா என்று சொல்லிவிடும்.

நம் எண்ணை லட்சம் கோடிக் காற்புள்ளிகளை மறந்துவிட்டு இப்படிக் கட்டுங்கள்: 6 | 746 | 328 | 388 | 800.

800 − 388 + 328 − 746 + 6. சொல்லுங்கள்?

பூஜ்யம்.

ஒரே வரியில் 7, 11, 13 மூன்றும் கையில் வந்துவிட்டன. அடுத்தடுத்து நிற்கும் வெவ்வேறான இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தால் இந்தப் பூஜ்யம் வந்திருக்காது.

2, 3, 5 போன பிறகு மிஞ்சிய 5,20,55,003-ஐயும் இப்படியே 52 | 055 | 003 என்று கட்டுங்கள். 3 − 55 + 52, மறுபடி பூஜ்யம். 1,001-ஆல் வகுத்தால் 52,003. (52,003-ஐ ஆயிரத்தால் பெருக்கி, அடியில் அதையே எழுதிக் கூட்டினால் 5,20,55,003 வருகிறதா என்று பாருங்கள்.)

52,003-இல் இன்னொரு 7 ஒளிந்திருக்கிறது: 7 × 7,429. மூன்றாவது 7 இல்லை. 11-உம் 13-உம் கூட இனிப் போகாது. 17-ஐப் போட்டால் 7,429 = 17 × 437. அப்புறம் 437. இது 441-க்கு நான்கு குறைவு; 441 என்பது 21 × 21, நான்கு என்பது 2 × 2. ஆகவே 437 = (21 − 2) × (21 + 2) = 19 × 23. முடிந்தது.

மொத்தமும் சேர்த்து எழுதினால்:

ஆறு 2-கள், நான்கு 3-கள், இரண்டு 5-கள், இரண்டு 7-கள், பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று.

கல்லணையில் நீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. எந்த மதகை எவ்வளவு திறக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கடைமடைக்குப் போய்ச் சேரும் நீர் மாறும். எண் அப்படி மாறாது. நீங்கள் 23-இல் தொடங்கினாலும், முதலில் பாதியாக்கினாலும், எடுத்த எடுப்பில் 1,001-ஆல் வகுத்தாலும் கடைசியில் இந்தப் பகா எண்கள்தான், இதே எண்ணிக்கையில்தான் வரும். உங்கள் விடை வேறாக இருந்தால் வழியில் எங்கோ கணக்குத் தவறியிருக்கிறது என்றுதான் பொருள்.

நான்காம் படி: காரணிகளை எண்ணுங்கள்

ஒவ்வொரு காரணியும் இந்தப் பகா எண்களில் சிலவற்றை எடுத்துப் பெருக்கியதுதான். 2-ஐ ஒன்றுகூட எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், ஆறு வரை எடுக்கலாம்; ஏழு வழி. 3-க்கு ஐந்து வழி. 5-க்கும் 7-க்கும் மும்மூன்று. மற்ற ஐந்துக்கும் எடு அல்லது விடு, இரண்டிரண்டு வழி.

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080.

பத்தாயிரத்து எண்பது பேருக்கு இடம் கொடுக்கும் எண். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இரண்டு ஒப்பீடு. 10 லட்சம் கோடியை எடுங்கள். நம் எண்ணை விடப் பெரியது, பார்க்கவும் முழுமையாக இருக்கிறது. அதில் 2-உம் 5-உம் பதின்மூன்று தடவை வருகின்றன, வேறு எதுவும் இல்லை. காரணிகள் 14 × 14 = 196 மட்டுமே. சரி, எல்லாச் சின்ன எண்களையும் போட்டுப் பெருக்கினால்? 1-இலிருந்து 16 வரை பெருக்கினால் 2,09,22,78,98,88,000. நம் எண்ணைப் போல மூன்று மடங்குக்கு மேல். இதன் காரணிகள் 5,376. மூன்று மடங்கு பெரிதாகியும் பாதியளவுதான். அதில் பதினைந்து 2-கள் குவிந்து கிடக்கின்றன. பத்து 2-க்கு அப்புறம் இன்னொரு 2-ஐச் சேர்த்தால் வழிகள் 11-இலிருந்து 12 ஆகும், அவ்வளவுதான். புதிதாக ஒரு 17-ஐச் சேர்த்தால் மொத்தமும் இரட்டிப்பாகும்.

10,080-க்கும் இதே குணம் உண்டு. அதன் காரணிகள் 72. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. ராமானுஜனின் பட்டியலில் அதுவும் ஓர் எண். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்தது.

ஐந்தாம் படி: வடிவத்தைப் பாருங்கள்

அடுக்குகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. மேலேயிருந்து கீழே இறங்குகிறது, எங்கும் ஏறவில்லை. 2-இலிருந்து 23 வரை எந்தப் பகா எண்ணும் விடுபடவில்லை. இது தற்செயல் அல்ல. காரணத்தைச் சின்ன எண்ணில் பார்க்கலாம். 18-இல் ஒரு 2, இரண்டு 3. இடம் மாற்றி இரண்டு 2, ஒரு 3 என்று வைத்தால் 12. இரண்டுக்கும் காரணிகள் ஆறுதான், ஆனால் 12 சிறியது. ஆகவே பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கைக் கொடுத்த எண் இந்தப் போட்டியில் நிற்க முடியாது. இடம் மாற்றினால் அதே காரணிகளோடு சிறிய எண் கிடைத்துவிடும். நடுவில் ஒரு பகா எண்ணை விட்டுத் தாண்டினாலும் அதே கதிதான்: 23-க்குப் பதில் 29-ஐ வைத்தால் எண் வீணாகப் பெருக்கும், காரணிகள் கூடாது.

கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்றும் ராமானுஜன் நிறுவினார். விதிவிலக்கு 4-உம் 36-உம் மட்டும். ஒரு நாளுக்கு 60 நாழிகை, கலத்துக்கு 12 மரக்கால் என்று நம் முன்னோர் எடுத்துக்கொண்ட 60, 12 இரண்டும் இந்த வகை எண்கள். கலத்தின் 96 அப்படியல்ல. 60-க்கே 12 காரணிகள் இருப்பதால் 96-க்கு அந்தப் பெருமை கிடையாது.

இப்போது கொஞ்சம் சீண்டிப் பாருங்கள். நம் எண்ணை விடச் சிறியதாக ஏதாவது செய்து 10,080-ஐத் தொட முடிகிறதா? ஒரு 3-ஐ எடுத்து 2-ஐப் போட்டால் எண் மூன்றில் இரண்டு பங்காகிறது, காரணிகள் 9,216. ஒரு 7-ஐ எடுத்து 5-ஐப் போட்டால் 8,960. அக்கா மகள் கண்டுபிடித்தது இன்னும் நெருக்கமானது: ஒரு 2, ஒரு 3, ஒரு 5 மூன்றையும் எடுத்துவிட்டு 29-ஐச் சேர்த்தாள். 30 போய் 29 வந்ததால் எண் மயிரிழை குறைந்தது. புதிய பகா எண் வந்ததால் இரட்டிப்பாகும், ஜெயித்துவிடலாம் என்று நினைத்தாள். 6 × 4 × 2 × 3 × 64 = 9,216. ஒரு 5-ஐ இழந்ததும் மூன்று வழி இரண்டானது. அங்கேதான் இடி விழுந்தது. இவை எண்ணை நிரூபிக்கும் சோதனைகள் அல்ல. முழு நிரூபணத்துக்கு அடுக்குகள் இறங்கும் வடிவத்தில் உள்ள எல்லாச் சிறிய எண்களையும் பார்க்க வேண்டும். ஆனால் நாலைந்து தடவை சீண்டினாலே அந்த அடுக்குகள் எவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

ஆறாம் படி: கூட்டுத்தொகையும் மற்றவையும்

10,080 காரணிகளையும் கூட்ட வேண்டுமானால் ஒவ்வொன்றாக எழுத வேண்டாம். 1+2+4+…+64 = 127. 1+3+9+27+81 = 121. 1+5+25 = 31. 1+7+49 = 57. மற்றவற்றுக்கு ஒன்று கூட்டினால் போதும்: 12, 14, 18, 20, 24. எல்லாவற்றையும் பெருக்கினால் 3,94,13,83,23,53,280. நம் எண்ணையே அதிலிருந்து கழித்தால் 3,26,67,50,39,64,480. அதாவது தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை தன்னைப் போல ஏறக்குறைய 4.84 மடங்கு. 6-க்கு இது சரியாக 6 (1+2+3). 12-க்கு 16.

1-இலிருந்து 28 வரை எல்லா எண்களும் இதை மீதமில்லாமல் வகுக்கும். முதலில் தவறுவது 29. அந்த 28 எண்களுக்கும் மிகச் சிறிய பொது மடங்கு 80,31,34,33,200. நம் எண் அதன் 84 மடங்கு.

இதனோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள், அதாவது சார்பகா எண்கள், இதற்குக் கீழே 11,03,61,96,86,400. நூற்றுக்குப் பதினாறு பங்கு. மற்ற எண்பத்து நாலு பங்கும் இதனோடு ஏதோ ஒரு பகா எண்ணில் உறவு வைத்திருக்கிறது.

இது வர்க்க எண் அல்ல. 11 ஒரே ஒரு தடவைதான் வருகிறது. அதனால் காரணிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி உண்டு, மொத்தம் 5,040 ஜோடி.

ஏழாம் படி: 23-ஆல் வகுத்துப் பாருங்கள்

இந்தப் படியை நீங்களே செய்ய வேண்டும் என்பதற்காகக் கடைசியில் வைத்தேன். 67,46,32,83,88,800-ஐ 23-ஆல் வகுங்கள். வருவது 2,93,31,86,25,600.

102 எண்களின் பட்டியலில் ராமானுஜன் விட்டுவிட்ட எண் இதுதான். கைக்கணக்கில் இவ்வளவு தூரம் போன பட்டியலில் விடுபட்டது இந்த ஒன்று.

அதன் இரு பக்கத்து எண்களையும் பிரித்துப் பாருங்கள். முன்னால் இருப்பது 2,40,94,02,99,600, காரணிகள் 4,800. பின்னால் இருப்பது 3,21,25,37,32,800, காரணிகள் 5,376. இரண்டிலும் 23 இருக்கிறது, 7 ஒரே தடவைதான். நடுவில் நிற்கும் விடுபட்ட எண்ணில் 23 கிடையாது, 19-ஓடு நின்றுவிடுகிறது. பதிலாக 7 இரண்டு தடவை. வரப்பின் இரு பக்கமும் ஒரு மாதிரி நாற்று, நடுவில் வேறு மாதிரி ஒன்று. காரணிகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040. 4,800-க்கும் 5,376-க்கும் நடுவே சரியாக உட்கார்கிறது.

3,21,25,37,32,800-இன் 5,376 என்ற எண்ணை முன்பே ஓரிடத்தில் பார்த்தோம். 1-இலிருந்து 16 வரை பெருக்கியதற்கும் அதே 5,376 காரணிகள்தான், அது இதைப் போல 65 மடங்கு பெரியதாக இருந்தும்.

அக்கா மகள் 23-ஆல் வகுத்து முடித்ததும், "மாமா, அவர் விட்டதை 23-ஆல பெருக்கினா அவர் எழுதின கடைசி எண் வந்துடுதே" என்றாள். மேலேயும் கீழேயும் இரண்டு தடவை பெருக்கிச் சரிபார்த்தாள். பிறகு 5,040-இன் காரணிகளை எண்ண ஆரம்பித்தாள். 60 வந்தது. 60-க்கு 12.